மேசை துடைப்பவரின் உற்பத்தித்திறன்

அன்புள்ள அக்கா,

இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் எழுதுகிறேன். தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் ஒரு பொருளியல் நிபுணர் சிங்கப்பூரின் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சரிதான் என்றார். இன்னொருவர் சாப்பாட்டுப் பொருளுக்காவது விலக்கு தரலாம் என்றார். யாரை நம்புவது? எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே உணவுக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் 50 காசு ஏறிவிட்டது. துப்புரவாளர்களுக்குச் சம்பளம் ஏற்றியதுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். மேசை துடைக்கும் வேலையில் உற்பத்தித்திறன் கூடாமல் சம்பளத்தை மட்டும் ஏற்றினால் விலை ஏறத்தானே செய்யும்?

க., உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

வரி விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். சாப்பாட்டுக்கு விலக்கு கொடுத்தால், மாதம் இரண்டாயிரம் வெள்ளிக்கு மளிகை வாங்குகிற வீட்டுக்குத்தான் அதிகம் மிச்சமாகும். எல்லாரிடமும் வாங்கி, இல்லாதவர்களுக்குப் பற்றுச்சீட்டாக (வவுச்சராக)த் திருப்பிக் கொடுப்பது மேல் என்று பொருளியலாளர் பலர் சொல்வது அதனால்தான். எனக்கும் அதில் பெரிய சண்டை இல்லை. அப்புறம், ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை இந்த வரிக்குப் பதிந்துகொள்ளவே வேண்டியதில்லை. உங்கள் மீ கோரெங்காரர் பெரும்பாலும் அந்த ரகம்தான்.

உங்கள் கடைசி வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதில். உற்பத்தித்திறன் என்று எழுதினீர்களே, அது என்னவென்று தெரிந்துதான் எழுதினீர்களா?

என் அம்மா பன்னிரண்டு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கழிவறை கழுவினார். துணியை நாலாக மடிப்பார். அப்படி மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு கழிவறைத் தொட்டிக்கு ஒரு பக்கம். எட்டும் முடிந்த பிறகுதான் அலசுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சேர்ந்தபோது அவருக்கு இரண்டு மாடி, சம்பளம் 700 வெள்ளி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை டெண்டர் விடுவார்கள், யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கே வேலை. காண்ட்ராக்டர் மாறுவார், சட்டையின் நிறம் மாறும், அம்மா மட்டும் மாறமாட்டார். 2010இல் அவருக்கு மூன்று மாடி, சம்பளம் 650.

கணக்குப் போடுங்கள், தம்பி. வேலை ஒன்றரை மடங்கு ஆனது, கூலி குறைந்தது. ஆனால் பொருளியல் கணக்கில் அவருடைய உற்பத்தித்திறன் கூடவில்லை! ஏனென்றால் அங்கே தொட்டிகளை எண்ணுவதில்லை. நிறுவனத்தின் வரவிலிருந்து வெளியே வாங்கிய பொருள், சேவைச் செலவைக் கழித்து, மிச்சத்தை ஆட்களால் வகுக்கிறார்கள். டெண்டரை அடிமாட்டு விலைக்கு எடுத்தால் மிச்சம் சுருங்கும், அம்மாவின் ‘திறனும்’ சுருங்கும். திறன் குறைவு, அதனால் கூலி குறைவு. கூலி குறைவு, அதனால் டெண்டர் விலை குறைவு. டெண்டர் விலை குறைவு, அதனால் திறன் குறைவு. செக்கு மாடுகூட இதைவிட நேராகப் போகும்.

இதைக் கேள்வி கேட்ட ஒரு பொருளியலாளர் இங்கேயே இருந்தார். பேராசிரியர் லிம் சோங் யா. தெருவில் கொடி பிடித்தவர் இல்லை. எவ்வளவு சம்பளம் ஏற்றலாம் என்று ஆண்டுதோறும் பரிந்துரைக்கும் தேசிய சம்பள மன்றத்துக்கு, அது 1972இல் தொடங்கியதிலிருந்து 2001 வரை தலைவர். அவர்தான் 2012 ஏப்ரலில் சொன்னார்: மாதம் 1,500 வெள்ளிக்குக் கீழே வாங்குபவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 50 விழுக்காடு ஏற்றுங்கள், 15,000க்கு மேலே வாங்குபவர்களுக்கு அந்த மூன்று ஆண்டும் ஏற்றாதீர்கள். ஊரே பதறியது. உற்பத்தித்திறன் முதலில் ஏறட்டும் என்றார்கள். பயந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். 1979இலிருந்து மூன்று வருஷம் இதே மன்றம் கூலியை வேகமாக ஏற்றச் சொல்லியிருந்தது. 1985இல் பொருளாதாரம் சரிந்தபோது பழி கூலியின் மீதும் விழுந்தது. மறுவருஷம் சிபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 10க்கு வெட்டினார்கள். சூடு கண்ட பூனை.

2012 மே மாதம் மன்றம் சொன்னது, 1,000 வெள்ளி வரை வாங்குபவர்களுக்குக் குறைந்தது 50 வெள்ளி ஏற்றுங்கள் என்பதுதான். எங்கள் காண்ட்ராக்டரும் கொடுத்தார். அடுத்த மாதமே வருகைப்படி 40 வெள்ளியை நிறுத்தினார். அம்மா சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டி, “பத்து வெள்ளி கூடியிருக்கு பாரு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

2014இல் படிப்படியாக உயரும் சம்பள முறை துப்புரவாளர்களுக்குக் கட்டாயமானது. அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி, கூடவே பயிற்சி. அம்மாவும் போனார். வகுப்பில் கற்றுக்கொடுத்தது என்ன தெரியுமா? துணியை நாலாக மடிப்பது. சான்றிதழை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

கோபமாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் எழுதியதாகச் சொன்னீர்கள். முதலில் தூங்குங்கள். பிறகு கீழே இறங்கி, சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்தக் கடைக்காரரிடம் இந்த வருஷம் வாடகை எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா