ஆற்றோடு போகிற ரோடா, ஆற்றைக் கடக்கிற ரோடா?

இந்த இதழில் மலைப்பக்கம் சைக்கிள் மிதிக்கிற வாசகர்களின் கேள்விகள்.

கேள்வி: இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் 60 கிலோமீட்டர். ஒன்று மலையை ஏறாமல் அடிவாரத்தை ஒட்டியே போகிறது. இன்னொன்று பள்ளத்தாக்குக்குள் போய்த் திரும்புகிறது. அடிவார ரோடுதான் சுலபம் என்று நம்பிப் போனேன், 40-வது கிலோமீட்டரிலேயே கால் ஓய்ந்துவிட்டது. மலையே ஏறவில்லையே, ஏன்?

பதில்: ஏறினீர்கள். மொத்தமாக ஏறவில்லை, சில்லறையாக ஏறினீர்கள். மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடைகள் அடிவாரத்தில் ஆளுக்கொரு பள்ளம் வெட்டி வைத்திருக்கும். ஓடைக்கும் ஓடைக்கும் நடுவே விலா எலும்பு மாதிரி ஒரு மேடு. மலைக்கு இணையாகப் போகிற ரோடு இந்த எலும்பு ஒவ்வொன்றையும் ஏறி இறங்கித்தான் கடக்க வேண்டும். 4 கிலோமீட்டருக்கு ஒரு தடவை 50 மீட்டர் இறங்கி 50 மீட்டர் ஏறுகிறது என்று வையுங்கள், 60 கிலோமீட்டரில் 15 தடவை, ஆக 750 மீட்டர் ஏற்றம். கிளம்பின இடமும் சேர்ந்த இடமும் ஒரே உயரம் என்பதால் வரைபடத்தில் சமதளம் போலத் தெரியும், கால் நம்பாது.

ஏறினதை இறக்கத்தில் ஈடுகட்டிவிடலாம் என்பதும் நடக்காது. 3 கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, அதே 3 கிலோமீட்டரை 40-ல் இறங்கினால் சராசரி 25 வராது, 16-தான் வரும். நேரம் முழுக்க ஏற்றத்தில் போய்விடுகிறது, இறக்கம் நாலரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

பள்ளத்தாக்கு ரோடு வேறு ஜாதி. அது ஆற்றோடு போகும். தண்ணீர் ஒரே பக்கம்தானே ஓடும், அதனால் ரோடும் பெரும்பாலும் ஒரே சீராக ஏறும், 30 கிலோமீட்டருக்கு 450 மீட்டர் என்றால் ஒன்றரை சதவீதம், ஏறுகிறோம் என்றே தெரியாது. ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் காலை வாரும். பள்ளத்தாக்கு குறுகிப் பாறை இடுக்காக மாறுகிற இடத்தில், ஆற்றை விட்டு ரோடு மட்டும் திடீரென்று மேலே ஏறிச் சுற்றிப் போகும். அப்புறம் கடைசிப் பகுதி. ஆறு பிறக்கிற பக்கம் போகப் போகச் சரிவு கூடிக்கொண்டே வரும், 30 கிலோமீட்டர் ஏற்றத்தில் பாதி உயரம் கடைசி ஏழெட்டு கிலோமீட்டரில்கூட இருக்கலாம்.

நான் வழி போடும்போது ரோட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் வரைபடத்தில் ஓடைகளைக் காட்டுகிற நீலக்கோடுகள். ரோடு எத்தனை நீலக்கோட்டைக் குறுக்கே வெட்டுகிறது என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள், அன்றைக்கு எத்தனை ஏற்றம் என்பது ஏறக்குறைய அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: காலையில் பள்ளத்தாக்குக்குள் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் திரும்பினால் இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கிறது. சைக்கிளில் கோளாறா? பேரிங் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: பேரிங்கை விட்டுவிடுங்கள், அது காற்று. வெயில் ஏறினதும் மலைச்சரிவுகள் சூடாகும், அதை ஒட்டின காற்று மேலே எழும், அந்த இடத்தை நிரப்ப சமவெளியிலிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் ஏறி வரும். நல்ல வெயில் நாளில் இது பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும், இரண்டு பக்கமும் மலை இருப்பதால் நடுவில் குழாயில் ஊதுகிற மாதிரி வீசும். ராத்திரி தலைகீழ், குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வடியும். விடியற்காலையில் ஆற்றோரம் சுருக்கென்று குளிர்வது அதனால்தான்.

உங்கள் கிளம்புமிடம் பள்ளத்தாக்கின் வாயில் என்றால் இரண்டு வேளையும் எதிர்க்காற்றுதான். காலையில் அது பலவீனம், போகும்போது தெரியாது, திரும்பும்போது வட்டியோடு வரும். மேலேயே தங்கி, காலையில் இறங்கிப் பிற்பகலில் ஏறினால் இரண்டு தடவையும் காற்று முதுகில். அது முடியாதென்றால் விடிவதற்கு முன்பே கிளம்பி, பதினொரு மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரப் பாருங்கள். பிற்பகல் இடிமழைக்கும் அதே மருந்து.

கேள்வி: போர்டில் 8% என்று போட்டிருக்கிறது. பார்த்தால் ஒன்றும் பெரிய ஏற்றமாகத் தெரியவில்லை, ஆனால் முட்டி வலிக்கிறது. என் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் பெரியதுக்கு 28.

பதில்: கண்ணுக்குத் தெரியாதுதான். 10 சதவீதம் என்பதே ஆறு டிகிரிக்குக் குறைவான சாய்வு. 8 சதவீதம் என்றால் கிலோமீட்டருக்கு 80 மீட்டர். நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்றால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எடையை உயர்த்துவதற்கு மட்டும் 170 வாட்டுக்கு மேல் வேண்டும். பழக்கமில்லாதவரால் ஒரு மணி நேரம் விடாமல் கொடுக்க முடியாது, அதனால் வேகம் தானாக 6-க்கு இறங்கும். அந்த வேகத்தில் உங்கள் 34-28 கியரில் நிமிடத்துக்கு 40 மிதிகூட வராது, ஒவ்வொரு மிதியும் மூட்டை தூக்குகிற மாதிரி. முட்டி வலிக்காமல் என்ன செய்யும்? பின்னால் 34 பல் வருகிற கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போடுங்கள், அதே வேகத்தில் 48 மிதி கிடைக்கும். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற உங்கள் டிரெய்லர் அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்டு சொல்வது சராசரி என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் மலை ரோடு 13.8 கிலோமீட்டருக்குச் சராசரி 8 சதவீதம்தான், ஆனால் ஆரம்பத்திலேயே 10-ஐத் தாண்டிவிடும், துள்ளிக்கொண்டு கிளம்புகிறவர்களை அங்கேயே உட்கார வைத்துவிடும். அங்கே 21 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கீழிருந்து மேலாக 21, 20, 19 என்று இறங்குமுகமாக எண் போட்டிருக்கிறார்கள். ஆறுதலா சித்திரவதையா என்பது உங்கள் கியரைப் பொறுத்தது.

கேள்வி: ஒரே ரோடு, ஒரே நாள். நண்பரின் கருவி 900 மீட்டர் ஏற்றம் என்கிறது, என்னுடையது 1,240. யார் பொய் சொல்கிறார்கள்?

பதில்: அவருடையது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அளக்கிற கருவியாக இருந்து, உங்களுடையது வரைபடத்து உயரங்களை எடுத்துக் கூட்டுவதாக இருந்தால், அவர் பக்கம்தான் நியாயம். வரைபடக் கணக்குக்குப் பாலமும் சுரங்கமும் தெரியாது. பாலத்தில் நேராகப் போனாலும் பள்ளத்தில் இறங்கி ஏறினதாக எழுதிக்கொள்ளும். பந்தயத்தை அவரிடம் தோற்றுவிடுங்கள்.

கேள்வி: ஏறக்கூட பயமில்லை, இறங்கத்தான் பயம். வழி முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே வருகிறேன், கை மரத்துப் போகிறது.

பதில்: நானும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் முன் ட்யூப் பட்டாசு மாதிரி வெடிக்கும்வரை. நல்லவேளை, நேர் ரோடு. நிறுத்திவிட்டு ரிம்மைத் தொட்டேன், விரல் நுனி சுட்டுவிட்டது. 80 கிலோ எடை 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவருகிற சக்தியில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காய்ச்சிவிடலாம். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், பிடித்துப் பிடித்து மெதுவாக வந்தால் அத்தனையும் பிரேக்குக்குத்தான் போகும். டிஸ்க் பிரேக் என்றாலும் சூடு சூடுதான், ட்யூப் தப்பிக்கும், பிரேக்கின் பிடிமானம் குறையும்.

அதனால் விட்டு விட்டுப் பிடியுங்கள். நேர் ரோட்டில் விடுங்கள், வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் கையைத் தளர்த்துங்கள். கை ஹேண்டிலின் கீழ் வளைவில் இருக்கட்டும், அங்கிருந்து பிடித்தால் இரண்டு விரல் போதும், மரத்துப் போகாது. வெளிப்பக்கத்துப் பெடல் கீழே, எடை அதன் மேல். கண் முன்சக்கரத்தில் அல்ல, வளைவு முடிகிற இடத்தில். வளைவின் உட்பக்கம் மழைக்கு அப்புறம் பொடிக்கல்லும் மண்ணும் ஒதுங்கும், பாறைக் கசிவு நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் நுழையும்போது ஒரு நொடி ஒன்றுமே தெரியாது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் மோசம். எதிரே வருவது தெரியாத வளைவில் எக்காரணத்தைக் கொண்டும் ரோட்டில் உங்கள் பக்கத்துப் பாதியைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் கேவலமா?

பதில்: இல்லை. தள்ளுவதற்குத் தோதான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: உச்சியில் வியர்வையோடு நிற்கிறேன், இறங்க ஆரம்பித்ததும் பல் தந்தி அடிக்கிறது. காற்றுத் தடுப்புச் சட்டையை மறந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும், ஈரச் சட்டையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பந்தயக்காரர்களின் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. செய்தித்தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டால் காற்றைத் தடுக்கும், வியர்வையையும் உறிஞ்சும். இந்தப் பத்திரிகையைச் செருகிப் பார்த்துவிட்டேன், வழவழப்புத் தாள், வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடுகிறது.