குளிர்கால அலைச்சறுக்கு: குறைந்த செலவில் எந்த வெட்சூட் வாங்கலாம்?

புதிதாக சர்ஃபிங் பழகுபவர் குளிர்காலத்துக்கு மலிவான வெட்சூட்டை (குளிர்நீரில் உடல்சூட்டைக் காக்கும், உடலோடு ஒட்டிய உடை) எப்படித் தேர்வது என்பது கேள்வி. முதலில் கடல்நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். தோராயமாக 11 முதல் 14 டிகிரி செல்சியஸ் என்றால் 4/3 போதும்: உடற்பகுதியில் 4 மி.மீ., கைகால்களில் 3 மி.மீ. தடிமனான நியோப்ரீன் (நுரை ரப்பர்). அதற்கும் கீழே 5/4, கூடவே பூட்ஸ், கையுறை, தலைமூடி.

பணத்தைத் தையலில் போடுங்கள். இருபுறமும் இழை தெரியும் ஃபிளாட்லாக் தையலில் ஊசித்துளை வழியே நீர் கசியும். அது கோடைக்குத்தான் சரி. விளிம்புகளை ஒட்டி, ஊசி மறுபுறம் வரை துளைக்காமல் தைத்ததே குளிருக்கு ஏற்றது. முதுகு ஜிப் விலை குறைவு, போட எளிது. நெஞ்சு ஜிப்பில் நீர் குறைவாகப் புகும்.

அளவு தவறினால் எந்த விலைச் சூட்டும் வீண். கீழ்முதுகு, அக்குள், கழுத்தில் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அலையிலும் குளிர்நீர் புகுந்து, உடல் சூடாக்கிய நீரை வெளியேற்றிவிடும். உலர்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். கைகளை மேலே தூக்கித் துடுப்புப் போடுவதுபோல் சுழற்றிப் பாருங்கள்.

பழைய சூட் நல்ல பேரம்தான், ஆனால் முழங்காலையும் தையலையும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். விறைத்துப்போன நியோப்ரீன் திரும்ப இளகாது.