அமெரிக்காவின் அப்பலாச்சிய நிலக்கரிப் பகுதியின் பழைய டோபோ ஷீட்டில் (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தில்) கைவிட்ட சுரங்கங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஷீட்டின் ஓரத்தைப் படியுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பான யூஎஸ்ஜிஎஸ் போட்ட பழைய ஷீட்களில் அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு என்று இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். 1932-ல் அச்சான தாளில் இருப்பது அதற்கு இருபது வருடம் முந்தைய நிலமாக இருக்கலாம். அளந்த ஆண்டுதான் கணக்கு.

15 நிமிட ஷீட் (அட்ச, தீர்க்க ரேகையில் 15 நிமிடம், அதாவது கால் டிகிரி காட்டுவது) 1:62,500, அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மைல். 7.5 நிமிட ஷீட் 1:24,000, அங்குலத்துக்கு 2,000 அடி. சுரங்கம் தேட இதுதான் வசதி. யூஎஸ்ஜிஎஸ்ஸின் டோபோவியூ தளத்தில் இரண்டும் இலவசம். ஆயத்தொலை சேர்ந்தே வரும் ஜியோடிஃப் கோப்பாக எடுங்கள்; வெறும் ஜேபெக் என்றால் நீங்களே ஆயத்தொலை பொருத்த வேண்டிவரும். அப்போது ஷீட் வரைந்த பழைய ஆய அடிப்படையான என்ஏடி27-ஐ மறந்தால், மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் கணக்கில் வடக்கே 200 மீட்டர் வரை தள்ளிப்போகும்.

7.5 நிமிட ஷீட்டில் ஒய் எழுத்து போன்ற குறி கிடைமட்டச் சுரங்க வாய். பாதி கறுத்த சதுரம் செங்குத்துக் குழி. பெருக்கல் குறி வெறும் சோதனைத் தோண்டல், அதை நம்பி ஏமாற வேண்டாம்.

ஆனால் குறியைவிடச் சமஉயரக் கோடு அதிகம் சொல்லும். மேற்கு வர்ஜீனியா, கிழக்குக் கென்டக்கி மலைகளில் நிலக்கரி அடுக்கு ஏறக்குறைய கிடைமட்டம். அதனால் ஒரே அடுக்கில் திறந்த வாய்கள் மலையைச் சுற்றி ஏறத்தாழ ஒரே உயரத்தில் வரும். இரண்டு வாய் கிடைத்தால் அந்தக் கோட்டையே விரலால் பிடித்துக்கொண்டு போங்கள். கீழே ஓடையோரம் முட்டுச்சந்தாக முடியும் கிளை ரயில் பாதையும், பக்கத்தில் ஒரே மாதிரிக் குட்டிக் கறுப்புச் சதுரங்கள் வரிசையாகவும் இருந்தால் அது கம்பெனிக் குடியிருப்பு. மேலே குறி இல்லாவிட்டாலும் அங்கே சுரங்கம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் (கடின நிலக்கரி) பகுதியில் இந்த வழி பலிக்காது, அங்கே அடுக்குகள் மடிந்து சரிவாகக் கிடக்கின்றன.

ஊதா நிறத்தில் இருப்பவை பிற்பாடு விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தவை. சமஉயரக் கோடுகளைப் பெரும்பாலும் தொட்டிருக்க மாட்டார்கள். மலையையே வெட்டி எடுத்திருந்தாலும் தாளில் பழைய மலை அப்படியே நிற்கும்.

வாய் தெரிந்தாலும் உள்ளே எவ்வளவு தூரம் வெட்டினார்கள் என்று டோபோ ஷீட் சொல்லாது. 2002-ல் பென்சில்வேனியாவின் க்யூக்ரீக்கில் பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் கையில் இல்லாமல் வெட்டியதில், நீர் நிறைந்த பக்கத்துச் சுரங்கம் உடைந்து ஒன்பது பேர் மூன்று நாளுக்கு மேல் உள்ளே சிக்கி, பிறகு உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்த விவரம் வேண்டுமென்றால் பிட்ஸ்பர்க்கில் உள்ள தேசியச் சுரங்க வரைபடக் காப்பகத்தில், கவுன்ட்டி, சுரங்கம், கம்பெனி பெயர்களைக் கொடுத்துத் தேடுங்கள்.