ராத்திரி அடிக்கும் போன்

அன்புள்ள சார்,

என் மகனுக்கு ஹீமோஃபிலியா, ரத்தம் சரியாக உறையாத வியாதி. வயது 14. எங்கள் மாவட்டத்து ஹீமோஃபிலியா குடும்பங்களின் குழுவை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். யாருக்கு ரத்தம் கட்டினாலும் எந்த நேரமானாலும் எனக்குத்தான் போன். போன மாதம் இவனுக்கே முட்டி வீங்கிக் கிடந்த ராத்திரி ஒருவர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுநாள் வாட்ஸப்பில், 'பொறுப்புக்கு வந்தால் போன் எடுக்க வேண்டாமா' என்று எழுதிவிட்டார். விட்டுவிடலாம் போலிருக்கிறது. சுயநலமா சார் இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை.

என் அக்கா மகனுக்கும் இதே வியாதிதான். ஒரு தடவை ராத்திரி பதினோரு மணிக்குக் கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வரச் சொல்கிறார், அக்காவுக்கு வாயே வரவில்லை. குழுவை நடத்தும் அம்மாவுக்குப் போன் போட்டோம், நாங்கள் நேரில் பார்த்தேயிராதவர். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "சார், முதல்ல ஃபேக்டர் 8 போட்டுடுங்க, எக்ஸ்ரே அப்புறம் எடுத்துக்கலாம். இடுப்புல ஊசி மட்டும் வேண்டாம்" என்றார். ஃபேக்டர் என்பது ரத்தத்தை உறையவைக்கும் மருந்து. போனில் அவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அது எங்கள் யார் காதிலும் ஏறவில்லை, உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதுதான் ஏறுகிறது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது பெரும்பாலும் தாய் வழியாக வரும் வியாதி என்பதால் சொந்தக்காரர்கள் அம்மாவைத்தான் குத்திக் காட்டுவார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருகிறது என்பதை எவனும் சொல்ல மாட்டான். அந்தக் குத்தலுக்குப் பதில் சொல்லத்தான் ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஓடுகிறீர்களா? அப்படியென்றால் அந்தக் கணக்கு ஒருநாளும் தீராது.

உலக ஹீமோஃபிலியா சம்மேளனத்தை 1963இல் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெல் மாண்ட்ரியலில் வியாபாரம் செய்தவர், அவருக்கே கடுமையான ஹீமோஃபிலியா. நோய்த்தொற்று ஏறிய ரத்தப் பொருட்கள் மூலம் எய்ட்ஸ் வந்து 1987இல் இறந்தார். அவர் பிறந்தநாளைத்தான், ஏப்ரல் 17, நாம் ஹீமோஃபிலியா தினம் என்கிறோம். நம் நாட்டுச் சம்மேளனத்தை 1983இல் ஆரம்பித்த அசோக் பகதூர் வர்மாவும் நோயாளிதான். இரண்டுமே இன்றும் நடக்கின்றன. உங்கள் குழுவோ உங்கள் போன் சார்ஜ் தீர்ந்தால் நின்றுவிடும் நிலையில் இருக்கிறது, எனக்குக் கவலை அதுதான்.

உங்கள் குழுவில் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ளும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் நாலு பேராவது இருப்பார்கள். அம்மாக்களுக்கு அவர்கள் இன்னும் குழந்தைகள், அதனால் யாரும் ஒரு வேலையும் கொடுப்பதில்லை. ராத்திரிப் போனை அவர்களிடம் முறை வைத்துக் கொடுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் ஃபேக்டர் இருக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்று உங்கள் தலைக்குள் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வாட்ஸப்பில் எழுதியவருக்குப் பதில் போடாதீர்கள். அவரும் அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்தானே.

முட்டி இப்போது எப்படி? வீக்கம் வடிந்ததும் பிசியோவை விட்டுவிட வேண்டாம். உங்களுக்குப் போய் இதை நான் சொல்கிறேன் பாருங்கள்.