போனஸ் வாங்கியதும் ஏன் போய்விடுகிறார்கள்? – பணியிடக் கேள்வி-பதில்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு போனஸ், துணிமணி, இனிப்பு எல்லாம் குறைவில்லாமல் கொடுத்தும், பொங்கலுக்குள் நாலைந்து பேர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். நன்றி என்பதே இல்லாமல் போய்விட்டதா?

பதில்: நன்றியைப் பற்றிப் பேசுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில், தகுதியுள்ள பணியாளருக்கு ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் தரவேண்டும் என்பது சட்டம் விதித்த கடமை. கடமையைப் பரிசாக நினைத்துக் கொடுத்தால், வாங்குபவர் அப்படி நினைக்கவில்லையே என்ற மனக்குறைதான் உங்களுக்கு மிஞ்சும்.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வில், சம்பளமும் பணியிட வசதியும் குறைந்தால் மனக்கசப்பு வருகிறது, ஆனால் அவை நிறைந்திருப்பதால் மட்டும் வேலையில் ஈடுபாடு வந்துவிடுவதில்லை என்றார். செய்து முடித்த நிறைவு, அதைப் பிறர் கண்டுகொள்வது, பொறுப்பு ஆகியவையே ஈடுபாட்டைத் தருகின்றன என்பது அவர் முடிவு. அவர் விசாரித்தது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். நாளெல்லாம் சேலை விரித்துப் போடுகிறவர்களை அவர் கேட்கவில்லை. ஆனாலும் மாசி வீதிகளின் கடைகளுக்கு இது பொருந்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு அரசு 2021இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வாய்ப்புக் கிடைக்கும்போது பணியாளர்கள் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும். கால் வீங்கிய நிலையில் நிற்கிறவரிடம் பாராட்டுச் சொன்னால் அது அவர் காதில் ஏறாது. முதலில் இருக்கையைப் போடுங்கள், பிறகு பாராட்டுங்கள்.

பாராட்டும்போது பொதுவாக ‘நல்லா வேலை பார்க்கிறீங்க’ என்று சொல்லி நகர்ந்துவிடாமல், உசிலம்பட்டியிலிருந்து வந்த கல்யாணக் குடும்பம் ஒன்றும் எடுக்காமல் எழுந்த நேரத்தில், அலுத்துக்கொள்ளாமல் மேலும் பத்துப் பட்டு விரித்துக் காட்டி அவர்களை உட்காரவைத்தவர் இன்னார் என்பதை, அன்று இரவு கடை அடைப்பதற்கு முன் மற்றவர்கள் கேட்கும்படி சொல்லுங்கள். தீபாவளி வரை அதைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நான் தயாரிக்கும் அறிக்கைகளை மேலாளர் தம்முடையதாக முதலாளியிடம் காட்டுகிறார். கேட்டால் பகை வரும். கேட்காவிட்டால் மனம் ஆறவில்லை.

பதில்: என் முதல் வேலையில் எனக்கும் இதுவே நடந்தது. இருப்புக் கணக்குக்காக நான் அமைத்த முறை வேறொருவர் பெயரில் பாராட்டுப் பெற்றது. ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு ஓராண்டுக்குள் விலகினேன். பேசாமல் இருந்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், “அடுத்த கூட்டத்தில் இந்த அறிக்கையை நானே விளக்கட்டுமா சார், கேள்வி வந்தால் உடனே பதில் சொல்ல வசதியாக இருக்கும்” என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். அறிக்கையில் ‘தயாரித்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என இரண்டு பெயர்களுக்கும் இடம் விடுவது கணக்குத் துறையில் வழக்கமான முறைதான் என்பதால், அதை அவரால் எளிதில் மறுக்க முடியாது.

கேள்வி: ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று படம் மாட்டுகிறோம். பலன் தெரியவில்லையே?

பதில்: ஒருவரைச் சுவரில் ஏற்றும்போது மற்ற அத்தனை பேரையும் தோற்றவர்களாக்குகிறீர்கள். எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை எல்லோருக்கும் விளக்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் செவிலியர் நான். தூங்கி எழுந்தாலும் களைப்புத் தீரவில்லை; நோயாளிகளிடம் எரிந்து விழுகிறேன். எனக்கு வேலை மீது அக்கறை போய்விட்டதா?

பதில்: அக்கறை போயிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுதல், செய்வது எதுவும் சரியாகவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வு என வரையறுத்தது. அது நோயாக வகைப்படுத்தப்படவில்லை. சமாளிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே குறிக்கப்பட்டது. ஆகவே உங்களை மட்டும் திருத்தி இதைச் சரிசெய்ய இயலாது. அதே நேரம், இரத்தசோகை, தைராய்டு போன்றவையும் இப்படிக் களைப்பைத் தரும் என்பது உங்களுக்கே தெரியும், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மனம் தாளாத இரவுகளில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடந்த மூன்று மாத டூட்டி பட்டியலை எடுத்து, எத்தனை இரவுகள் தொடர்ச்சியாக வந்தன, எத்தனை வார விடுப்புகள் கடைசி நேரத்தில் பறிபோயின என்று எண்ணி ஒரே தாளில் எழுதுங்கள். நர்சிங் கண்காணிப்பாளரைத் தனியாகப் பார்க்காமல், அதே வார்டில் இருக்கும் இன்னும் இருவரோடு அந்தத் தாளுடன் சென்று பாருங்கள்.