பத்தாம் வசனம்

அன்புள்ள ஐயா,
வேதாகமத்தில் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் ஆகிய தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் மூன்றையும் வரிசையாக வாசிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் சாபமும் அழிவும்தான். இயேசுவைக் குறிக்கும் வசனங்களை மட்டும் படித்தால் போதாதா? எசேக்கியேல் 38-இல் இஸ்ரவேலுக்கு எதிராகப் படையெடுத்து வரும் கோகு இன்றைக்கு எந்த நாடு? இப்போதுள்ள கஷ்டத்தில் எனக்கு எரேமியா 29:11 மட்டும்தான் ஆறுதல்.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோகு ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு ஆகாத நாட்டைக் கொண்டுபோய் அங்கே உட்காரவைத்திருக்கிறது. ‘ஒரு கன்னிகை குமாரனைப் பெறுவாள்’ என்ற ஏசாயா 7:14, யூதாவின் ஆகாஸ் ராஜாவிடம் சொன்னது. மத்தேயு அதை இயேசுவில் கண்டார். நானும் காண்கிறேன். ஆகாஸ் யாரென்று தெரியாமல் மத்தேயுவிடம் ஓடாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். அப்பாவின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. 29:11-இன் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்து இழுத்து, தாள் கிழியும் நிலையில் இருக்கிறது. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ மேலே பத்தாம் வசனத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதில் என்ன இருக்கிறது? பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வாங்கிப் படித்த பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருக்க முடியும்? அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லி, பாபிலோனுக்கு அடிமைப்படுவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எல்லார் முன்னாலும் உடைக்கிறார். பதினோராம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்தால், எரேமியாவின் வாயில் அனனியாவின் பேச்சைத்தான் வைக்கிறீர்கள். யூதாவின் யோயாக்கீம் ராஜாவும் மூன்று நாலு பத்தி கேட்டதும் எரேமியாவின் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டவன்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா படுத்த படுக்கையானபோது தினமும் அந்த ஒரு வசனத்தைத்தான் வாசித்துக் காட்டுவேன். பத்தாவதை வாசிக்கத் தைரியம் வந்ததில்லை. ஒருநாள் அவரே, “மேலேயிருந்து வாசி” என்றார். எழுபது வருஷம் என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே, “ஏன் நிறுத்துகிறாய்? படி” என்றார். அன்றைக்கு அதிகாரம் முழுக்க வாசித்தோம், கடைசியில் அந்தக் கடிதத்தை எதிர்த்த செமாயாவுக்கு வருகிற சாபம் வரைக்கும்.