பிறக்கிற இடத்திலேயே வெடிப்பா?

கேள்வி: நட்சத்திரம் சாகும்போதுதான் வெடிக்கும் என்று படித்தேன். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்திலேயே ஒரு வெடிப்பு நடந்திருக்கிறது என்கிறான் மகன். அப்படியா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மகன் சொல்வது சரிதான் அம்மா. ஆனால் அது சூப்பர்நோவா, அதாவது நீங்கள் படித்த, சாகும் நட்சத்திரத்தின் வெடிப்பு, இல்லை. ஆற்றலில் சூப்பர்நோவாவின் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். அதற்கே நம் சூரியன் ஒரு கோடி ஆண்டு எரிய வேண்டும்!

பொதுவாகப் பிறக்கும் நட்சத்திரம் வாயுவை விழுங்கிக்கொண்டே, கொஞ்சத்தை இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் பீய்ச்சும். இது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடக்கும் வேலை. ஓரியனில் நடந்தது வேறு. சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வாயுக் கீற்றுகள் எல்லாத் திசையிலும் பாய்வதைக் கண்டது. பின்னோக்கிக் கோடு போட்டால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே புள்ளிக்கு வந்து சேர்கின்றன. தைப்பூசத்துக்கு நம் பினாங்கில் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பார்களே, எல்லாம் முடிந்தபின் வருகிறவர்கூடச் சில்லுகள் சிதறிக் கிடக்கும் விதத்தைப் பார்த்து எங்கே உடைத்தார்கள் என்று சொல்லிவிடுவார், அதே கதைதான். வேகமான கீற்று தூரத்தில், மெதுவானது கிட்டத்தில். அதனால் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியவை என்று தெரிகிறது. நாம் பார்க்கும் காட்சிப்படி, அது நடந்து சுமார் 500 ஆண்டு. ஏறக்குறைய மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போன காலம். ஒளி இங்கே வர ஆகும் 1,350 ஆண்டு தனிக்கணக்கு.

யார் செய்த வேலை? அங்கேதான் சுவாரசியம். அதே இடத்திலிருந்து சில இளம் நட்சத்திரங்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒன்று வினாடிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். நெருக்கியடித்துப் பிறந்தவை ஒன்றையொன்று இழுத்துப் புரட்ட, இரண்டு மிக நெருங்கி ஜோடியாகவோ ஒன்றாகவோ ஆகிவிட, அதில் வெளிப்பட்ட ஈர்ப்பாற்றல் மற்றவற்றையும் வாயுவையும் தூக்கி எறிந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. தனி நட்சத்திரம் ஒன்று வெடித்திருந்தால் இவை ஏன் ஓட வேண்டும்? சிக்னஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் டிஆர்21 என்ற இடத்திலும் இதே மாதிரித் தடயம் உண்டு.

கேள்வி: அதை இங்கிருந்து பார்க்கலாமா?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: அங்கே இருக்கும் ஓரியன் நெபுலாவை, அதாவது ஒளிரும் வாயு மேகத்தை, பார்க்கலாம். பிப்ரவரியில் இரவு 9 மணி வாக்கில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மூன்று நட்சத்திர இடுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் பைனாகுலரில் மங்கலான புகைபோலத் தெரியும். வெடிப்பு நடந்த இடம் அதற்கும் பின்னால், தூசிக்குள். அகச்சிவப்புக் கருவியோ ரேடியோ தொலைநோக்கியோ இல்லாமல் முடியாது. மேகமில்லாத இரவு கிடைப்பதே இங்கே பெரிய பாடு, அது வேறு விஷயம்.